ஐரோப்பியத் தோட்ட முறையள் யாழ்ப்பாண வளவுக்குச் சரிவருமோ?

செம்மண்வளவு:
உரும்பிராயில இரண்டு பரப்பு வளவு. ஜேர்மனியில மரக்குத்தியில துளை போட்டுத் தனித்தேனீக்கு (கூட்டமாய் இல்லாமல் தனியத் துளைக்குள்ள முட்டையிடுற தேனீக்கு) மாட்டுகினம், வெட்டின கிளையளை அடுக்கி வேலியாக்குகினம். பிரித்தானியாவில மே மாதம் புல்லு வெட்டாமல் விடுகினம். இதில எதை இஞ்ச செய்யலாம்? வீட்டில பாம்புக்கும் டெங்குக்கும் பயம்.

தும்பைப்பூ:
தேனீக்குத்தி கட்டாயம் செய்யுங்கோ. நல்லாக் காய்ஞ்ச பூவரசங்குத்தி எடுத்து, பட்டைப் பக்கத்தால துளையுங்கோ. வளையம் தெரியிற வெட்டுமுகத்தில துளைச்சால் வெடிப்பு விட்டு ஈரமும் பூஞ்சணமும் உள்ளுக்குப் போகும். விட்டம் 3 தொடக்கம் 8 மி.மீ., ஆழம் 10 செ.மீ.க்குக் குறையாமல். மற்றப் பக்கத்தால வெளிக்கிடக் கூடாது. வாயை அரத்தாள் போட்டுத் தேயுங்கோ, சிராய் நிண்டால் செட்டை கிழியும்.

அங்க வெயில் காணாது எண்டு தெற்குப் பாத்து வைக்கினம். இஞ்ச அப்பிடி வைச்சால் மத்தியானச் சூட்டில புழு அவிஞ்சிடும். காலை வெயில் மட்டும் படுற தாழ்வாரத்துக்குக் கீழ, ஆடாமல் இறுக்கிப் பூட்டுங்கோ. மாரிச் சாரலும் படாது. ரோசா இலையில வட்டமாய் வெட்டு விழுந்தால் இலைவெட்டித் தேனீ வந்திட்டுது, மருந்தடிக்க ஓடாதேங்கோ.

செம்மண்வளவு:
பனங்குத்தி சும்மா கிடக்கு. அது சரிவராதோ?

தும்பைப்பூ:
வராது. நார் கிளம்பும், எவ்வளவு தேய்ச்சாலும் வழுவழுப்பு வராது. நல்ல முத்தின மூங்கில் துண்டு பரவாயில்லை, ஒரு பக்கம் கணு மூடியிருக்க வேணும்.

கதியால்:
கிளைவேலிக்கு அங்க இரண்டு வரிசை காய்ஞ்ச தடி நடுகினம். இஞ்ச அதைக் கறையான் விடாது. ஐப்பசி மழையோட 5 அடி கிளுவைக் கதியாலோ கிளிசரியாவோ ஒரு அடி தாட்டு, 2 அடிக்கு ஒண்டாய் நடுங்கோ, வேர்விட்டுத் தானே நிக்கும். வரிசையளுக்கு நடுவில 2 அடி இடைவெளி. அதுக்குள்ள தடிச்ச கிளை அடியில, சுள்ளி மேல. பனையோலை போடாதேங்கோ, கோடையில ஒரு நெருப்புப்பொறி காணும்.

பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வரும். சோறு, மீன் கழிவு அதுக்குள்ள கொட்டினால் கண்ணாடி விரியனுக்கு வெத்திலை வைச்ச கதைதான். வீட்டில இருந்து 20 அடி தள்ளி, கோடிப்பக்கமாய் வையுங்கோ. இடையில கூட்டித் துப்புரவாய் இருக்கட்டும்.

தும்பைப்பூ:
மே மாதக் கதையை விடுங்கோ. அங்க அது இளவேனில் பூக்காலம், இஞ்ச சோளகக் காத்தில புல்லே கருகிக் கிடக்கும். கார்த்திகையில இருந்து தை வரைக்கும் பாதி வளவை வெட்டாமல் விடுங்கோ. பார்த்தீனியக் களையை மட்டும் பூக்க முந்திக் கையுறை போட்டு வேரோட பிடுங்க வேணும்.

அங்க தோட்டத்தில வெட்டுற சின்னக் குளத்துக்குப் பதிலாய் இஞ்ச குருவிக்குச் சட்டி வையுங்கோ: 4 செ.மீ. தண்ணி, நடுவில ஒரு கல்லு. தண்ணி மாத்தினால் மட்டும் காணாது. டெங்கு நுளம்பு முட்டை சட்டி விளிம்பில ஒட்டியிருக்கும், காய்ஞ்சும் மாதக்கணக்கில சாகாது. இரண்டு நாளைக்கு ஒருக்கால் தும்பால உரஞ்சிக் கழுவுங்கோ.