டெவில் மே க்ரை 2-இல் வாளுக்கு வேலை இல்லாமல் போனது ஏன்?

கேள்வி: கானாடுகாத்தான் பேரன்

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக்குக் கானாடுகாத்தானில் ஐயா வீட்டுக்கு வந்திருக்கிறேன். சித்தப்பா எப்போதோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 இன்னும் ஓடுவதால், டெவில் மே க்ரை என்ற வீடியோ கேம் வரிசையை முதலிலிருந்து ஆடிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 2001-இல் வந்த முதல் ஆட்டத்தில், நெருப்புக் குழம்பு உடம்போடு வரும் அந்தச் சிலந்தியிடம் மட்டும் ஒன்பது முறை செத்தேன். 2003-இல் வந்த இரண்டாவது ஆட்டத்தில் கதாநாயகன் டான்டேக்கு ஒரு டிஸ்க், நாம் ஆடக்கூடிய இன்னொரு பாத்திரமான லூசியாவுக்கு ஒரு டிஸ்க் என்று இரண்டு இருக்கின்றன. டான்டேயின் 18 மிஷன்களையும் இரண்டே மாலைகளில் முடித்துவிட்டேன். முடித்த மகிழ்ச்சிதான் வரவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பேய் புகுந்த ஹெலிகாப்டர் ஒன்று டான்டேயைத் துரத்தி வரும். அந்தச் சண்டையில் வலக்கை ஆள்காட்டி விரல் ஆர்1 பொத்தானிலும், கட்டைவிரல் சதுரப் பொத்தானிலும் இருந்தன. இடக்கைக்கு வேலையே இல்லை. ஒன்றிரண்டு முறை இடம் மாறியதைத் தவிர, அந்தக் கை டப்பாவிலிருந்து மனகோலம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் வெடித்து விழுந்தபோது எனக்குக் கிடைத்தது, இடக்கையால் தின்றதற்காக அப்பத்தாவிடம் வாங்கிய வசவு மட்டும்தான்.

ஒரே நிறுவனம், ஒரே கதாநாயகன், இடையில் ஒன்றரை ஆண்டு கூட இல்லை. இவ்வளவு சறுக்கியது எப்படி? லூசியாவின் டிஸ்க்கையும் ஆட வேண்டுமா, நேரே மூன்றாவதுக்குப் போய்விடலாமா?

பதில்: காரைக்குடி கழனிவாசல்

தம்பி, ஒரே நிறுவனம் என்பது உண்மை. ஆனால் செய்த கைகள் வேறு. முதல் ஆட்டம் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் ஆட்ட வரிசையின் நான்காவது பாகமாகத் தொடங்கப்பட்டு, அந்த வரிசையின் போக்கிலிருந்து மிகவும் விலகிவிட்டதால் தனி ஆட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதை இயக்கியவர் ஹிடேகி கமியா. இரண்டாவது ஆட்டத்தைக் காப்காம் நிறுவனம் அவருடைய குழுவிடம் கொடுக்கவில்லை. வேறொரு குழு தொடங்கி, வேலை தடுமாறி, வெளியீடு நெருங்கிய கடைசிச் சில மாதங்களில்தான் ஹிடேயாகி இட்சுனோவை அழைத்துப் பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதுவரை ரைவல் ஸ்கூல்ஸ், காப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே 2 போன்ற நேருக்கு நேர் மோதும் சண்டை ஆட்டங்களில் தேர்ந்தவர். பாதிச் சமையலில் அடுப்படிக்கு வந்தவரிடம் உப்பு ஏன் கூடிற்று என்று கேட்பதில் பொருள் இல்லை. இயக்குநர் என்று வெளியே தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான் என்பது வேறு கதை.

ஆனால் உமது கேள்விக்கு ஆள் மாறியது மட்டும் விடையாகாது. முதல் ஆட்டத்தில் துப்பாக்கி எதற்கு இருந்தது என்று யோசித்துப் பாரும். வாளால் எதிரியை மேலே தூக்கிவிட்டு, அவன் கீழே விழாமல் இருப்பதற்காகச் சுடுவோம். சுட்டுக்கொண்டே நின்றால் அவன் சாக வெகுநேரம் ஆகும். அதற்குள் பின்னாலிருந்து இன்னொருவன் வெட்டிவிடுவான். ஆகவே கிட்டே போயே தீர வேண்டும். கிட்டே போனால் ஆபத்து, அந்த ஆபத்துக்குள் நின்று அழகாகச் சண்டை போட்டால் மதிப்பெண் என்று ஆட்டம் முழுவதும் அந்த ஒரு கணக்கின் மேல்தான் நின்றது. இரண்டாவதில் துப்பாக்கியின் வலுவைக் கூட்டினார்கள். எதிரிகளோ சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். தூரத்தில் நின்று சுட்டாலே எல்லாம் முடியும்போது, கிட்டே போவதற்கு ஒரு காரணமும் இல்லை. மூன்று வாள்கள் கொடுத்திருக்கிறார்கள்; நீளமும் வலுவும் மாறுகின்றனவே தவிர, மூன்றுக்கும் வீச்சு ஒன்றுதான். நான் இரண்டாவது வாளை எடுத்த பிறகு மூன்றாவதைத் தேடவே இல்லை.

பதில்: தேவகோட்டை ரஸ்தா

அண்ணன் சொன்ன துப்பாக்கிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ஆட்டத்தை ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள், பின்னால் வந்தவை இதனிடமிருந்து எடுத்துக்கொண்டதைச் சொல்வதில்லை. முதல் ஆட்டத்தில் துப்பாக்கியை மாற்ற வேண்டுமானால் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலைத் திறக்க வேண்டும். சண்டை நடுவிலேயே எல்2 பொத்தானால் மாற்றும் வசதி இரண்டாவதில்தான் வந்தது; மூன்றாவதில் அதை வாள்களுக்கும் நீட்டினார்கள். விலகி உருள்வதற்கென்று வட்டப் பொத்தானைத் தனியாக ஒதுக்கியதும் இதில்தான், அந்தப் பொத்தானையே மூன்றாவதில் நாம் தேர்ந்தெடுக்கும் சண்டைப் பாணிக்கு உரியதாக ஆக்கினார்கள். பிளடி பேலஸ் என்ற 9,999 தளப் போட்டியும் இங்கே பிறந்து, பின்னர் வந்த ஆட்டங்களில் தொடர்ந்தது. எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது டான்டே வாயே திறக்காததுதான். எதற்கெடுத்தாலும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த நாணயத்துக்கு இரு பக்கமும் தலை என்று கடைசியில் தெரியும்போதுதான் ஆளைப் பற்றி ஏதோ ஒன்று பிடிபடுகிறது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

பதில்: பள்ளத்தூர் ஆச்சி

துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தம்பி இருக்கிற வீட்டையே எடுத்துக்கொள்ளட்டும். முகப்பில் வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவோம், வளவில் சடங்குகள் நடக்கும், அதற்கடுத்த கட்டில் பந்தி, கடைசியில் அடுப்படி. வீடு எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் ஆட்டத்தின் கோட்டை அப்படிக் கட்டியது. அதே கூடத்துக்கு மூன்றாம் முறை திரும்பி வரும்போது அங்கே வேறொன்று காத்திருக்கும், பூட்டியிருந்த கதவு நினைவுக்கு வரும். இரண்டாவதில் தெருவும் சதுக்கமும் அகலமாகத்தான் இருக்கின்றன. முன்னோருக்குப் படைக்கிற படைப்பு முடிந்து பங்காளிகள் எல்லாரும் ஊர் திரும்பிய மறுநாள் வளவில் நடக்கிற மாதிரி, நம் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இடம் அகன்றதால் கேமராவும் தள்ளிப் போய்விட்டது. எதிரி கையை ஓங்குவது கண்ணுக்கே தெரிவதில்லை. தெரியாத அடிக்கு எப்படி விலகுவது? ஆகவே எல்லாரும் தூரத்தில் நின்று சுடுகிறார்கள். அண்ணன் சொன்ன குறையில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

லூசியாவின் டிஸ்க்கில் 13 மிஷன்கள்தாம். அவள் எறியும் கத்திகளுக்கு டான்டேயின் துப்பாக்கி அளவுக்கு வலு இல்லாததால், இரட்டை வாளோடு கிட்டே போக வேண்டியிருக்கும். தண்ணீருக்கடியில் நீந்திச் சண்டை போடும் பகுதிகளில் மட்டும் பொறுமை வேண்டும். அங்கே எனக்கே வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. ஆடிவிட்டே மூன்றாவதுக்குப் போங்கள்.

மீண்டும்: கானாடுகாத்தான் பேரன்

மூவருக்கும் நன்றி. ஆச்சி சொன்னபடி லூசியாவின் டிஸ்க்கை நேற்று இரவு போட்டேன். நான்கு மிஷன்கள் ஆகியிருக்கின்றன. முதல் சண்டையிலேயே இரண்டு கைகளும் கண்ட்ரோலரில் இருந்தன, டப்பாவைத் திறக்கவில்லை. தண்ணீர்ப் பகுதி இன்னும் வரவில்லை. இட்சுனோ தொடக்கத்திலிருந்தே இயக்கி 2005-இல் வந்த மூன்றாவது ஆட்டத்தின் டிஸ்க்கில் கீறல் இருப்பதால், பழைய டிஸ்க் விற்கும் கடைகள் காரைக்குடியில் இப்போதும் ஏதேனும் இருந்தால் கழனிவாசல் அண்ணன் சொல்ல வேண்டும்.