மணமாகி வேற்று நாடு செல்லும் பெண்: குடும்ப நலனுக்கு முதலில் வேண்டுவது மொழியா, உரிமையா?

எல்லைக்கோடு: மணமுடித்து வேற்று நாடு செல்லும் பெண்ணுக்கு மொழி வகுப்பும் கலந்தாய்வும் கிடைத்துவிட்டால் குடும்பம் தானே நலம் பெறும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் வேலை விசா பெற்றவரின் துணைவருக்குத் தரப்படும் ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு 2015 மே மாதம் வரை வேலை செய்ய அனுமதியே இல்லை. அதன் பின்னும், கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால்தான் அனுமதி. ஆங்கிலம் அறிந்த, பட்டம் பெற்ற பெண்ணுக்கே இந்த நிலை என்றால், அந்த வீட்டின் குறையை எந்த வகுப்பு தீர்க்கும்?

நடைவண்டி: விசா விதிகளைத் தாங்கள் நன்கு அறிந்திருக்கிறீர்கள், ஆனால் குடும்பம் குடியேற்ற அலுவலகத்தில் நடப்பதில்லை. மொழி தெரியாத நாட்டுக்கு மணமாகி வந்தவள் நான். மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கணவரே பதில் சொன்னார். எரிகிறதா, குத்துகிறதா என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்தார். பின்னர் அந்தப் பொறுப்பு ஆறு வயது மகளிடம் போயிற்று. என் உடல்நோவைக் குழந்தையின் வாயால் சொல்ல வைத்த கூச்சம் இன்னும் போகவில்லை. தென்கொரியா 2008-இல் அயல்நாட்டுத் துணைவரைக் கொண்ட பன்மைப் பண்பாட்டுக் குடும்பங்களுக்கென்றே ஆதரவுச் சட்டம் இயற்றி, மொழிப் பயிற்சிக்கும் மொழிபெயர்ப்புக்கும் மையங்கள் வழியாக வகை செய்தது வீணுக்கல்ல.

எல்லைக்கோடு: கொரியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே மணமுறிவுக்குப் பின்னும் தங்க விரும்பும் பெண், குழந்தை வளர்ப்பு போன்ற வேறு காரணம் இல்லாதபோது, முறிவுக்குப் பொறுப்பு தன்னுடையதல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. கணவர் மீது முதன்மைப் பொறுப்பு இருந்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல்தான் தெளிவுபடுத்தியது. பிரிந்தால் நாட்டைவிட்டே போக நேரும் என்று அஞ்சி அடங்கியிருப்பவளின் வீடு, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சண்டையில்லாத நல்ல குடும்பமாகவே தெரியும். பிரிட்டனும் 2012-இல், துணைவர் நிரந்தர வதிவிடத் தகுதி பெறுவதற்கான காத்திருப்பை இரண்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாக்கியது.

ஓரத்துத் திண்ணை: இருவரும் பிறந்த வீட்டை மறந்துவிட்டீர்கள். "நான் நல்லா இருக்கேன்மா" என்று தொலைபேசியில் சொல்பவளுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாமல் அவளுடைய நலத்தை எப்படிக் கணிப்பது?

நடைவண்டி: திண்ணை சொல்வது சரி, தனியாகப் பேச ஓர் அறை வேண்டும். அச்சம் பற்றித் தாங்கள் சொல்வதையும் மறுக்கவில்லை, எல்லைக்கோடு. ஆயினும் என் வதிவிட அட்டை மூன்று ஆண்டுகளாக என் கைப்பையிலேயே கிடந்தது. வேலை செய்ய அனுமதி உண்டு என்று அதில் அச்சிட்டிருந்ததை நான்காம் ஆண்டில்தான் என்னால் படிக்க முடிந்தது.

எல்லைக்கோடு: அட்டை தங்கள் கைப்பையில் இருந்ததால் நான்காம் ஆண்டிலாவது படித்தீர்கள். கணவரின் அலமாரியில் பூட்டிக் கிடந்திருந்தால்?