பேட்டினாவுக்கு என்ன சொல்? பழைய உளிக்கும் தோல் பைக்கும் ஒன்றாக

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கைக்கருவிகளைச் சீர்செய்வதற்கும் பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்வதற்கும் சேர்த்து ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தோலின் ஓரத்தைச் செதுக்கி மெலிதாக்கும் ஸ்கைவிங் என்ற இடத்தில் "சீவுதல்" போட்டேன், படித்தவர் யாரும் தடுமாறவில்லை. பேட்டினாவில்தான், அதாவது உலோகத்திலும் தோலிலும் காலப்போக்கில் ஏறும் நிறத்துக்கும் மெருகுக்கும் பெயர் வைப்பதில்தான், மாட்டிக்கொண்டேன். செம்புக்குச் சொல்லும் "களிம்பு" முதலில் கைக்கு வந்தது. ஆனால் "உளியின் மேல் இருக்கும் களிம்பை எடுத்துவிடாதீர்கள்" என்று எழுதினால் படிப்பவர் மருந்துக்கடையைத்தான் நினைப்பார். வேறு சொல் சொல்லுங்கள்.

---

> களிம்பு முதலில் கைக்கு வந்தது

ஐயா, களிம்பு வேண்டாம். மருந்துக் குழப்பத்தை விடுங்கள், அந்தச் சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயரே கிடையாது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமையே செம்பில் களிம்புதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்கிற ஊர் நாம். உலோகத்தின் மேல் காலம் ஏற்றுகிற நிறத்தை வேண்டும் என்று விட்டுவைக்கும் வழக்கம் குறைவு, அதனால் சொல்லும் அமையவில்லை என்று நினைக்கிறேன்.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். இரும்பில் இரண்டு உண்டு. சிவந்த துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. நுண்துளை நிறைந்தது, உதிரும், ஈரத்தைப் பிடித்து வைத்து அடியில் தின்றுகொண்டே போகும். மற்றது பழைய கருவிகளில் காணும் சாம்பல் கலந்த கறுப்பு. மெல்லியது, இரும்போடு ஒட்டி நிற்பது, எண்ணெய் தடவி வைத்தால் புதுத் துருவை ஓரளவு தள்ளிப்போடவும் செய்யும். கையேட்டில் முதல் சோதனையாக இதை எழுதுங்கள்: எண்ணெய் தொட்ட நைசான ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தேய்த்தால் செம்பழுப்புச் சேறாக வருவது துரு. தேய்த்த பிறகும் கறுப்பாக நிற்பதுதான் நாம் பெயர் தேடுவது.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், வைத்தியம் வேறு. வினிகரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் துருவும் போகும், கறுப்பும் போகும். கருவி செத்துப்போன சாம்பல் நிறத்தில் வெளியே வரும். உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவாவிட்டால் கண் முன்னாலேயே மறுபடி சிவக்கும். மின்பகுப்பு இதைவிட மேல். வாஷிங் சோடாக் கரைசலில் கருவியை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் மாட்டுங்கள். சிவப்பு இளகி உதிரும், நல்ல இரும்பு கரையாது. நேர்முனையில் எவர்சில்வரை மட்டும் மாட்டாதீர்கள், நச்சுள்ள குரோமியம் கரைந்து தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் வெட்டவெளியில் செய்யுங்கள். இந்த இரண்டு எச்சரிக்கையும் தடித்த எழுத்தில் வரட்டும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: கொதிநீர். மெல்லிய துருவோடு இருக்கும் இரும்பை, மரப்பிடியைக் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் சிவப்பு கறுப்பாக மாறும். துப்பாக்கிக் குழல்களுக்குக் கருநிறம் ஏற்றும் பழைய முறை இதுதான். உளியின் வெட்டுமுனைக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. முனையும் அதன் தட்டைப் பின்புறமும் சாணைக்கல்லில் தேய்த்து வெள்ளையாகவே இருக்க வேண்டும். அங்கே கறுப்பும் வேண்டாம், குழியும் வேண்டாம்.

சரி, சொல். புது இரும்புத் தோசைக்கல் வாங்கினால் "கல் இன்னும் பழகலை" என்கிறோம். செருப்பு கடித்தாலும் "பழகினா சரியாயிடும்" என்கிறோம். இரும்பும் தோலும் ஒரே வினையில் வந்து நிற்கின்றன. ஆகவே என் பரிந்துரை "பழகுமெருகு". மெருகு ஏறும், மெருகு போகும், மெருகு கலையும் என்று வினையோடு சேர்வதில் சிரமம் இல்லை. கலைச்சொல் தனிச்சொல்லாக அழகாக இருந்து வாக்கியத்தில் உட்கார மறுத்தால் அதனால் பயன் இல்லை.

---

> இரும்பும் தோலும் ஒரே வினையில் வந்து நிற்கின்றன

அண்ணா, இங்கே ஒப்புக்கொள்ள மாட்டேன். தோசைக்கல்லில் ஏறுவது சூட்டில் இறுகிய எண்ணெய்ப் படலம், ஆக்சைடு அல்ல. செருப்பு பழகுவது காலின் வடிவத்துக்கு வளைந்து கொடுப்பது. இரண்டிலுமே பேட்டினா இல்லை.

தோலில் நடப்பதைச் சொல்கிறேன். ஆவாரம்பட்டை, கடுக்காய், வேலம்பட்டை மாதிரித் தாவரப் பொருள்களில் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது வெளிச்சத்திலும் காற்றிலும் கறுக்கும், மேலே கையின் எண்ணெய்ப்பசையும் சேரும். வெளிறிய மஞ்சள் தேன் நிறமாகி, பிறகு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் இது பெரும்பாலும் நடக்காது, அதைப் பத்து வருடம் தூக்கித் திரிந்தாலும் அழுக்குத்தான் ஏறும். ஆகவே வாங்கும்போதே எப்படிப் பதனிட்டது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சாயம் போடாத புதுப் பையை மெலிதாக எண்ணெய் தடவிச் சில நாள் வெயிலில் வைத்து, அவ்வப்போது திருப்பிப் போட்டால் நிறம் சீராக ஏறும். வாரையோ மூடியையோ அசைக்காமல் விட்டால் அதன் நிழல் வெள்ளையாக அப்படியே பதிந்துவிடும்.

கருவி ஆட்களுக்கும் தோல் ஆட்களுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வேதியியல்தான். துருப்பிடித்த குத்தூசியை ஈரத் தோலில் இறக்கினால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கருநீலப் பொட்டு விழும். அதற்குப் பெயர் கறை, மெருகு அல்ல. புதுக்கறையாக இருந்தால் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் வெளுக்கும். மறுதலையாக, சீர்செய்த உளியைத் தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், அதன் அமிலத்தன்மை இரும்பைக் கடிக்கும். உறை எடுத்துப்போவதற்கு மட்டும்.

சொல்லுக்கு வருகிறேன். "பழகு" என்றால் ஒரு கை வேண்டும். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை யார் பழகினார்கள்? 1886இல் திறந்தபோது செம்பு நிறம், 1920 வாக்கில் முழுக்கப் பச்சை. 1906இல் வண்ணம் பூசிவிடலாமா என்று பேச்சு எழுந்து, எதிர்ப்பு வந்ததால் வெளிப்புறத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பச்சை செம்பைக் காப்பது. அதற்கும் பேட்டினா என்றுதான் பெயர். "முதிர்மெருகு" என்றால் கை படுவதும் வரும், படாததும் வரும்.

---

இருவருக்கும் நன்றி.

முதிர்மெருகு விரிவானது என்பது உண்மை. அருங்காட்சியகத்துக்கோ சிலைப் பாதுகாப்புக்கோ எழுதினால் அதையே எடுப்பேன். என் கையேட்டில் கை படாத பொருள் ஒன்றுகூட இல்லை, உளியும் பையும் கத்தியும்தான். தோசைக்கல் வேதியியல்படி பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் படிப்பவருக்கு "தேய்த்து எடுக்காதே, இது வேலை செய்து வந்தது" என்று ஒரே சொல்லில் உறைக்க வேண்டும், அதைப் பழகுமெருகு செய்கிறது. எனவே உள்ளே பழகுமெருகு, சொற்பட்டியலில் முதிர்மெருகைப் பொதுச்சொல்லாகக் காட்டிவிடுகிறேன். கடையில் அமிலம் பூசிப் புதுப் பொருளைப் பழசாக்கி விற்பதற்கு இரண்டில் எதையும் கொடுப்பதாக இல்லை.

அடுத்த இழை "பர்" (burr), வெட்டிய உலோகத்தின் ஓரத்தில் நீட்டி நிற்பது. பட்டறைகளில் அரம் போட்டு எடுப்பதைப் பிசிறு என்கிறார்கள். சாணைக்கல்லில் தீட்டும்போது முனையின் மறுபக்கம் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய மடிப்புக்கும் அதுவே போதுமா, வேறு சொல் வேண்டுமா?