தம்பி முட்டிக்கு எந்தக் குருத்தெலும்பு நல்லது?

வணக்கம். நாங்கள் பினாங்கு, ஜெலுத்தோங். பந்து விளையாடி விழுந்ததில் தம்பிக்குத் தொடை எலும்பு நுனியில் 50 காசு அளவுக்குக் குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. தானமாகக் கிடைக்கும் துண்டை எலும்போடு சேர்த்துப் பொருத்தலாம் என்கிறார் டாக்டர்.

நான் படித்தவரை, 4 டிகிரியில் ஊட்டத் திரவத்தில் வைத்தால் செல்கள் உயிரோடு இருக்கும். ஆனால் நாளாக ஆகக் குறையும், அதனால் பொதுவாக 28 நாளுக்குள் பொருத்தப் பார்க்கிறார்கள். அதில் பாதி நாள் கிருமிப் பரிசோதனைக்கே போய்விடுகிறதாம். மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் பனித்துகள் பெரும்பாலான செல்களைக் கொன்றுவிடும். உறைபனியிலிருந்து காக்கும் மருந்து சேர்த்தாலும், ரத்தக்குழாயே இல்லாத அந்த அடர்ந்த திசுவில் அது ஆழம்வரை இறங்குவது கஷ்டம். சூப்புக்கு வாங்கிய ஆட்டுக்கால் முட்டியை விரலால் தடவிப் பார்த்தேன், அவ்வளவு இறுக்கம். செல் செத்த துண்டு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளாது. தம்பிக்கு 23 வயதுதான், அதுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

இங்கேயோ கோலாலம்பூரிலோ இதைச் செய்துகொண்டவர்கள், திசு வங்கியில் வேலை செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உறைய வைக்காத துண்டு நம் நாட்டில் கிடைக்குமா? எடுத்து எத்தனை நாளானது என்று கேட்டால் சொல்வார்களா? வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் எழுதினால் பெரிய உதவி.