பளியன்குடியிலிருந்து கண்ணகி கோயிலுக்கு நடந்த அனுபவம்

தமிழக–கேரள எல்லை மலைமேல் இருக்கிற கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப்பில் போனவர்கள் இங்கே நிறைய எழுதிவிட்டீர்கள். நான் நடந்து போனதை எழுதுகிறேன். சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் கோயிலுக்கு விடுவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவட்டும்.

முதல் நாளே கம்பத்தில் தங்கி, விடிவதற்கு முன் பஸ் ஏறிப் பளியன்குடி போய்விட்டோம். லோயர் கேம்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு அது. அங்கிருந்து மேலே ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கோயில் இருப்பது 1337 மீட்டர் உயரத்தில். வனத்துறையினர் பையைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் கொண்டுபோங்கள்.

முதல் ஒரு மணி நேரம் மரநிழலில் சுகமாகப் போகும். அப்புறம் பாறை. ஓரிடத்தில் பாதை பாறையின் இடுப்பை ஒட்டிப் போகிறது. ஒரு பக்கம் சுவர் மாதிரிக் கல், மறுபக்கம் சரிவு, நடுவில் இரண்டடி அகலம். பாறைமேல் பொடிக்கல் கிடக்கிறது. அதில் கால் வைத்தேன், வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன்.

பின்னால் வந்த பாட்டி, “காலைப் பக்கவாட்டுல வையி தம்பி, நெட்டுக்குத்தா வச்சா வழுக்கத்தான் செய்யும்” என்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெறுங்கால். கையில் மூடி போட்ட தூக்குவாளி. என் முட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரு கையால் பாறையைத் தடவிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். தூக்குவாளி மட்டும் கல்லில் படாமல் நெஞ்சோடு சேர்ந்திருந்தது.

ஏற்றம் முடிந்த இடத்தில், “பாட்டி, தண்ணி வாளியைக் குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்” என்றேன்.

“தண்ணி இல்லய்யா, வளவி.”

மூடியைத் திறந்து காட்டினார். பாதி வாளிக்கு நெல் உமி. அதற்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், டஜன் டஜனாக நூலில் கட்டிப் புதைத்து வைத்திருந்தார். ஒரு டஜன் ஆத்தாளுக்கு, இன்னொரு டஜன் ஊரில் கேட்டு அனுப்பிய பிள்ளைகளுக்கு, சன்னதியில் வைத்து எடுத்துக்கொண்டு போக. வருஷா வருஷம் இப்படித்தானாம். “பஸ்ஸு ஆட்டத்துல உடையாது. இந்தப் பாறையிலதான் பயம்.”

அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. மதுரை எரிந்த பிறகு கண்ணகி ஊரைவிட்டு வெளியேறும்போது, கொற்றவை கோயில் வாசலில் தன் கைவளையை உடைத்துப் போடுகிறாள். கிழக்கு வாசலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாசலில் தனியாகப் போகிறேன் என்று அழுகிறாள். பிறகு வைகைக் கரையோடே இரவு பகல் பார்க்காமல் மேற்கே நடந்து, மலையேறி, ஒரு வேங்கை மரத்தடியில் வந்து நிற்கிறாள். பதினான்காம் நாள் அவள் வானுலகம் போனதைக் குறவர்கள் பார்த்தார்கள் என்கிறது சிலப்பதிகாரம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சிலம்பை உடைத்ததையும் ஊரை எரித்ததையும் சொல்லிக்கொடுத்தார்கள். வளையை உடைத்துவிட்டு அவள் நடந்த நடை எனக்கு மனதில் பதியவே இல்லை. அவளுக்காக இன்னொருத்தி உமிக்குள் வைத்து, ஒன்றுகூட உடையக் கூடாது என்று பாறையில் கையூன்றி வளையல் கொண்டுபோகிறாள். அதற்குப் பிறகு நான் பாட்டியை முந்தவில்லை, பின்னாலேயே நடந்தேன்.

காடு முடிந்ததும் புல்மேடு. காற்று ஆளைத் தள்ளும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், வயலும் தென்னந்தோப்புமாக. கோயில் நாம் நினைக்கிற மாதிரி கோபுரத்தோடு இருக்காது. கருங்கல் சுவர்கள், சரிந்த கற்கள், சில சன்னதிகள். சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் என்று நம் பக்கம் நம்புகிறோம். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் சொல்கிற வழியைத் தேடி நடந்து, 1963இல் இந்த இடத்தை அடையாளம் காட்டினார். கேரளப் பக்கம் மங்கலதேவி என்கிறார்கள். தயவுசெய்து சரிந்து கிடக்கிற கற்கள்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். நான் போன அன்று ஒரு கூட்டமே ஏறி நின்றது, பார்க்கப் பொறுக்கவில்லை.

வரிசையில் இரண்டு மணி நேரம். திரும்பி வந்ததும் பாட்டி வாளியிலிருந்து இரண்டு பச்சை வளையல் எடுத்து, “அம்மா இருக்காகளா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றதும் உமியை ஊதித் துடைத்துக் கையில் வைத்தார்.

* * *

மேலே எழுதியவரைப் போல நானும் இரண்டு வருஷம் முன்னால் மதுரையிலிருந்து அக்காவோடு நடந்துதான் போனேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், இதை யாரும் எழுதவில்லை. மதியத்துக்கு மேல் பாறை கொதிக்கும், முழங்கால் நடுங்கும். கம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். எங்களிடம் இல்லை. அந்தப் பாறை ஓரத்தில் அக்கா பயந்துபோய் உட்கார்ந்தேவிட்டாள். எதிரே ஏறி வந்த பளியர் ஒருவர் தன் கம்பை அவள் கையில் கொடுத்து, அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக இறங்கிக் காட்டினார். பாதை சரியானதும் கம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். “கீழ வரைக்கும் இருக்கு, வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறிப் போய்விட்டார். அவருக்கு நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை என்று அக்கா இன்றும் வருத்தப்படுவாள்.

* * *

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் கோயில் இருக்கு. வைகாசியில் சடங்கு, முடிவில் குளிர்த்தி. மதுரையை எரித்த அம்மனின் கோபத்தைக் குளிர வைக்கிற சடங்கு அது. செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் வந்தான் என்று சிலப்பதிகாரத்தில் இருக்கு. அதனால் அந்த மலையைப் பார்க்க வேணும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. ஒரு சித்ரா பௌர்ணமிக்குத் தேனியில் நிற்கக் கிடைத்தது. எனக்குக் கால் ஏலாது, ஜீப்பில்தான் போனேன்.

வரிசையில் நின்ற ஒரு அம்மா தயிர்ச்சோறு பகிர்ந்து தந்து, எந்த ஊர் என்று கேட்டா. சொன்னேன். “அங்கயும் ஆத்தா இருக்காளா?” என்றா. எங்கட சடங்கைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, முன்னால் நின்றவர்களும் திரும்பிக் கேட்டார்கள்.

அடுத்த மாதம் சடங்குக்கு ஊருக்குப் போனபோது, மலையில் வாங்கிய குங்குமத்தை எங்கட கோயிலில் பூசை செய்யிற கட்டாடியாரிடம் கொடுத்தேன். எங்கேயிருந்து என்று கேட்டார். சொன்னதும் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.