வெட்டின துணி அப்படியே கிடக்கு, வழி சொல்லுங்க

மட்டக்களப்பு கல்லடியில இருந்து எழுதுறன். மருதமுனைக் கைத்தறித் துணியில தோள்பை தைச்சு விக்கலாம் எண்டு தை மாசம் 12 மீட்டர் வாங்கினன். வெட்டியும் வச்சிட்டன். இன்னும் ஒரு பை முடியல்ல. மெசினுக்கு முன்னால இருந்தா, லேபிளுக்கு என்ன நிறம் எண்டு போனைத் தட்டத் தொடங்கிருவன். பக்கத்து வீட்டு மாமி நாள் குறிச்சுச் சட்டை கேட்டா மட்டும் ஒரே ராவில முடிச்சிருவன், அதுதான் எரிச்சல்!

25 நிமிசம் வேலை, 5 நிமிசம் ஓய்வு எண்டுற பொமொடோரோ முறை மூண்டு நாள் ஓடிச்சு. நாலாம் நாள் கலியாண வீடு. அதோட விட்டதுதான். இடையில அறுந்தா நீங்க எப்படித் திரும்பத் தொடங்குறீங்க? மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சிறுதொழில் செய்யிற யாராவது ராவில வாட்ஸ்அப்பில "இண்டைக்கு எத்தினை?" எண்டு கேப்பீங்களா? நானும் உங்களைக் கேக்கிறன். ஏசினாலும் பரவாயில்ல.