‘நேச்சுரல் ரீகால்குலேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பழைய விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) சொற்பட்டியலில் இதற்கு ‘இயற்கை மறுகணிப்பு’ என்று போட்டிருக்கிறோம். இயற்கை உரம், இயற்கை வைத்தியத்தோடு இதையும் சேர்க்க வேண்டாமே! உள்ளே நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், கட்டங்களை அவை இருக்கும் இடத்தின்படியே கணக்கிட்டது: ஏ நெடுவரிசையை மேலிருந்து கீழே முடித்துவிட்டு, அடுத்து பி. /ஜிஓஆர் என்ற கட்டளை கொடுத்தால் கிடைவரிசையாகப் போகும். சி1-இல் 5, பி2-இல் சி1*2, ஏ1-இல் பி2+10 என்று வையுங்கள். ஏ1 இப்போது 20. சி1-ஐ 6 ஆக்கினால் ஏ1 முதலில் கணக்காகிவிடும். அந்நேரம் பி2-இல் இருப்பது பழைய 10. ஆகவே 20 அப்படியே நிற்கும். 22 வர, மறுபடி கணக்கிட வைக்கும் ‘!’ விசையைத் தட்ட வேண்டும். கிடைவரிசைக்கு மாற்றியும் பயனில்லை, அங்கும் ஏ1-தான் முந்தும். சங்கிலி நீண்டால் தட்டும் எண்ணிக்கையும் கூடும்.

1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள், எந்தக் கட்டம் எதைச் சார்ந்தது என்று பார்த்து, பி2-ஐ முடித்த பிறகே ஏ1-க்கு வரும். இதுதான் ‘நேச்சுரல்’ வரிசை. ‘சார்பு வரிசை’ எனலாமா?

> ‘சார்பு வரிசை’ எனலாமா?

பொருள் சரி, சொல் இடிக்கிறது. பள்ளிக் கணிதத்தில் சார்பு என்றாலே ஃபங்ஷன். கூட்டல் காணும் @சம், சராசரி காணும் @ஏவிஜி எல்லாம் சார்புகள்தாம். படிப்பவர் அவற்றின் வரிசை என்று நினைப்பார். ‘முன்தேவை வரிசை’ எனலாம். லோட்டஸில் மறுகணிப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் /டபிள்யூஜிஆர் பட்டியில் நெடுவரிசை, கிடைவரிசையோடு ஒட்டி நிற்கும்.

இந்த வரிசையும் சிக்கும் இடம் உண்டு. பி10-இல் @சம்(பி1..பி10) என்று அடித்தால் அது தன்னையே கேட்கிறது. திரையின் அடியில் ‘சர்க்’ (சர்குலர் என்பதன் சுருக்கம்) தோன்றும். மேலே உள்ள ஒன்பதும் சேர்ந்து 100 என்றால், மறுகணிப்பு விசையான எஃப்9-ஐ அழுத்த அழுத்த விடை நூறு நூறாக ஏறும். இதற்குச் ‘சுழல்சுட்டு’.

> ‘முன்தேவை வரிசை’ எனலாம்.

ஏற்கிறேன். சுழல்சுட்டும் இருக்கட்டும். ஆனால் அதே அடிவரியில் வரும் ‘கால்க்’ வேறு. கைமுறைக் கணிப்பில் எண்ணை மாற்றிவிட்டு எஃப்9 அழுத்தாதபோது அது வரும். பிழை ஏதுமில்லை, வேலை பாக்கி, அவ்வளவே. ‘கணிப்பு நிலுவை’ என்று தனியே பதிந்துவிடுங்கள்.